பிள்ளை என்ன பதில் சொல்லும் என்று யோசித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்

ஆசிரியர் பணிக்குத் தயாராகிறவர்களின் பாடக்குறிப்பு நோட்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நோக்கங்கள், துணைக்கருவிகள், ஆயத்தம், பாட வளர்ச்சி, தொகுத்தல், மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று வரிசையாக, அடிக்கோடு போட்டு, அழகான கையெழுத்தில். ஆசிரியர் எதைச் சொல்வார், எதைக் காட்டுவார், என்ன கேள்வி கேட்பார் எல்லாம் அதில் வந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்பது மட்டும் வராது. மிஞ்சிப்போனால் சரியான விடை ஒன்று எழுதியிருக்கும். தவறான விடை வந்தால் என்ன செய்வது என்று எழுதிய நோட்டை நான் பார்ப்பது அபூர்வம்.

பயிற்சி ஆசிரியர்களின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலையில் ஒரு பகுதி. "நல்ல டீச்சர் ஆக என்ன தயார் பண்ணணும்?" என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இந்த விடுபட்ட இடத்தைத்தான் காட்டுவேன். நீங்கள் பேசப்போவதைத் தயார் செய்ய ஒரு மணி நேரம் செலவழிக்கிறீர்கள் என்றால், பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்பதைத் தயார் செய்ய இன்னொரு மணி நேரம் வேண்டும். நேரம் இல்லை என்றால் முதல் மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

இது ஏன் நமக்கு இயல்பாக வருவதில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. டேன் லோர்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் எழுதியது இது: வேறு எந்தத் தொழிலுக்குப் போகிறவரும் அந்தத் தொழிலை இவ்வளவு காலம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள், ஆசிரியராகப் போகிறவர் மட்டும் பள்ளிக்கூடக் காலம் முழுவதும் பார்த்திருக்கிறார், ஆனால் மாணவராக இருந்து பார்த்திருக்கிறார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனை வருஷம் போனாலும் வண்டி ஓட்ட வந்துவிடாது, அது போலத்தான். நாம் பார்த்ததெல்லாம் ஆசிரியர் பேசியது, எழுதியது, சிரித்தது, அதட்டியது. எந்த எண்ணை எடுத்துக்காட்டாகப் போடலாம் என்று அவர் முந்தின நாள் யோசித்ததை நாம் பார்க்கவில்லை. ஒரு பையனின் தப்பான பதிலைக் கேட்டதும் அவர் மனதுக்குள் போட்ட கணக்கும் நமக்குத் தெரியாது. அதனால் கற்பித்தல் என்றாலே நன்றாகப் பேசுவது என்று மனதில் பதிந்துவிடுகிறது.

அதை மாற்ற நான் சொல்லும் முதல் வேலை, ஒரு வகுப்பின் பின்னால் போய் உட்காருங்கள், ஆசிரியரைப் பார்க்காதீர்கள். ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பத்து நிமிஷம் அந்தப் பிள்ளையை மட்டும் பாருங்கள். அது என்ன செய்கிறது என்று எழுதுங்கள், உங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டாம். "கவனிக்கிறாள்" என்று எழுதக் கூடாது. "பலகையைப் பார்க்கிறாள், பேனா மூடியைத் திறக்கிறாள், பக்கத்து நோட்டைப் பார்க்கிறாள், எழுதுகிறாள்" என்று எழுத வேண்டும்.

இப்படிப் பார்த்தபோது நான் கவனித்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஆசிரியர் பலகையில் கணக்கை எழுதிவிட்டு "போடுங்க" என்கிறார். நான் கவனித்துக்கொண்டிருந்த சிறுமி கணக்கை அழகாக நோட்டில் எழுதினாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். "விடை" என்று எழுதி அதற்குப் பக்கத்தில் இடம் விட்டாள். அப்புறம் காத்திருந்தாள். ஆசிரியர் பலகையில் விடையை எழுதியதும் அந்த இடத்தில் அதை எழுதி, தானே ஒரு டிக் போட்டுக்கொண்டாள். முன்னால் நின்று பார்த்தால் அவள்தான் வகுப்பிலேயே ஒழுங்கான பிள்ளை. தலை குனிந்து எழுதுகிறாள், சத்தம் இல்லை, நோட்டில் எல்லாம் சரி. ஆனால் அந்த முழு நேரத்திலும் அவள் ஒரு கணக்கும் போடவில்லை. பின்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் இது தெரியும். ஒருமுறை தெரிந்துவிட்டால் நோட்டில் இருக்கும் டிக்கை வைத்து யாரையும் எடைபோட மாட்டீர்கள்.

சரி, இப்போது பாடத்துக்கு வருவோம். "எனக்கு சப்ஜெக்ட் நல்லா தெரியும், அதனால பிரச்சினை இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். பாடம் தெரியாமல் சொல்லிக்கொடுக்க முடியாது, அதில் இரண்டு பேச்சே இல்லை. ஆனால் பாடம் தெரிவது ஒன்று, அந்தப் பாடம் கற்கிறவருக்கு எந்த இடத்தில் இடறும் என்று தெரிவது வேறொன்று. லீ ஷுல்மன் என்ற கல்வியியலாளர் 1986இல் இந்த இரண்டாவதைத் தனி அறிவாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பொறியாளருக்கும் கணக்கு ஆசிரியருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பொறியாளருக்கு விடை தெரிந்தால் போதும். ஆசிரியருக்கு அந்த விடைக்குப் போகும் வழியில் எத்தனை பேர் எங்கெங்கே திரும்பிவிடுவார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

கழித்தல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 52இலிருந்து 27 போக எவ்வளவு? ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. சாதாரணமாக என்ன நடக்கும்? ஒரு பெருக்கல் குறி போட்டு "கவனமா போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவோம். ஆனால் அந்தப் பிள்ளை கவனமாகத்தான் போட்டிருக்கிறது. ஒன்றுகளின் இடத்தில் 2, 7 இரண்டு இருக்கின்றன, 2இலிருந்து 7 போகாது, அதனால் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 5. பத்துகளின் இடத்தில் 5இலிருந்து 2 போக 3. ஆக 35. அதன் மனதில் ஒரு விதி இருக்கிறது, "எப்போதும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்" என்று. அதை யார் சொல்லிக்கொடுத்தது? கடன் வாங்காமல் கழிக்கும் பாடத்தில் நம்மில் ஒருவர் சொன்னதாகத்தான் இருக்கும். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978இல் இந்த மாதிரிப் பிழைகளை ஆராய்ந்து எழுதினார்கள். பிள்ளைகளின் பல தவறுகள் கவனக்குறைவால் வருபவை இல்லை, ஒரு தவறான முறையை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்பதுதான் அவர்கள் காட்டியது.

இந்தப் பிள்ளையிடம் "கவனமா போடு" என்றால் அது அதே தவறான விதியை இன்னும் கவனமாகப் போடும். வேறு எதைச் சொல்லலாம்? "35ஐயும் 27ஐயும் கூட்டிப் பார், 52 வருதா?" என்று கேட்கலாம். 62 வரும். அல்லது கணக்கைத் தொடுவதற்கு முன்பே, "27ங்கறது கிட்டத்தட்ட 30. 52இல் 30 போனா எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டால் 22 என்ற எண்ணம் மனதில் உட்கார்ந்துவிடும், அப்புறம் 35 என்ற விடையைப் பார்த்ததும் அதற்கே சந்தேகம் வரும். இந்தக் கேள்விகள் வகுப்பில் நிற்கும்போது தானாகத் தோன்றாது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூளை அப்படி வேலை செய்யாது. முந்தின நாளே யோசித்து வைத்திருந்தால்தான் வாயில் வரும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 52 − 27க்குப் பதில் 58 − 27 என்று கேட்டிருந்தால்? அதே தவறான விதியை வைத்திருக்கும் பிள்ளையும் 31 என்று சரியான விடையைச் சொல்லிவிடும். உங்களுக்கு எதுவும் தெரிய வராது. தசம எண்ணிலும் இப்படித்தான். 0.35 பெரியதா, 0.5 பெரியதா என்று கேட்டால், 35 ஐந்தைவிடப் பெரியது என்பதால் 0.35தான் பெரியது என்று சொல்லும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். 0.75, 0.5 என்று கேட்டிருந்தால் அதே பிள்ளைகள் தவறான காரணத்தால் சரியான விடை சொல்லியிருப்பார்கள். எந்த எண்ணைக் கொடுக்கிறோம் என்பதில்கூட அவ்வளவு இருக்கிறது. கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது "தப்பாப் புரிஞ்சுக்கிட்டவங்களும் இதுக்குச் சரியான விடை சொல்லிடுவாங்களா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் அந்தக் கேள்வி வேண்டாம், வேறு எண்ணைப் போடுங்கள்.

8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தில் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். 12 என்று நிறையப் பேர் சொல்வார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சமக்குறி என்றால் "விடை இதோ வருது" என்று அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் சமம் என்று இல்லை. இது தெரியாமல் இயற்கணிதம் ஆரம்பித்தால், x என்ற எழுத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று நாம் நினைப்போம். சிக்கல் x-இல் இல்லை, அதற்கு வெகு முன்பே சமக்குறியில் இருக்கிறது.

அறிவியலில் இது இன்னும் சுவாரசியமாக இருக்கும், ஏனென்றால் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்த்ததை வைத்தே தவறான முடிவுக்கு வருகிறார்கள். கோடை ஏன் வருகிறது என்று கேளுங்கள். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் என்று சொல்வார்கள், பெரியவர்களும் சொல்வார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும், அதனால் அது நியாயமான யோசனைதான். "இல்லை, பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது, அதனால்தான்" என்று நேராகச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையிலும் எழுதுவார்கள், மனதில் பழையதே இருக்கும். அதற்குப் பதில் "பூமியின் வடக்குப் பாதியில் குளிர்காலமாக இருக்கும்போது தெற்குப் பாதியில் கோடை. ஒரே பூமிதானே, எப்படி?" என்று கேளுங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி மாதத் தொடக்கத்தில், மிகத் தூரத்தில் இருப்பது ஜூலை மாதத் தொடக்கத்தில் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் வைத்திருந்த யோசனை அவர்கள் முன்னாலேயே ஆட ஆரம்பிக்கும். சாய்வைப் பற்றிச் சொல்ல அதுதான் சரியான நேரம்.

மரம் எதனால் பருக்கிறது என்று கேட்டால் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்பார்கள். வான் ஹெல்மான்ட் என்பவர் 17ஆம் நூற்றாண்டில் 200 பவுண்டு மண் போட்ட தொட்டியில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றி 5 வருஷம் வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆகியிருந்தது, மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். ஆக மண் இல்லை. சரி, அப்படியானால் எல்லாம் தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று அவர் முடிவு செய்தார், அதுவும் தவறு, காற்றிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்கில் வரவில்லை. இவ்வளவு பொறுமையாக அளந்து பார்த்தவரே ஒரு இடத்தில் தவறியிருக்கிறார் என்றால், ஒரு பிள்ளை சொல்லும் தவறான பதிலை நாம் இன்னும் கொஞ்சம் மரியாதையோடு கேட்க வேண்டும். அதற்குள் ஒரு காரணம் இருக்கும், "எதனால அப்படி நினைக்கிறே?" என்று கேட்டால் வெளியே வரும். இந்தக் கேள்வியைக் கண்டிப்பான குரலில் கேட்டால் மட்டும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். சரியான பதில் சொன்னவரிடமும் இதையே கேட்டுப் பழகுங்கள், அப்போதுதான் "மிஸ் ஏன்னு கேட்டா நம்ம பதில் தப்பு" என்று அவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நமக்குத் தெரிந்த விஷயம் தெரியாதவருக்கு எப்படி இருக்கும் என்று ஊகிப்பது நாம் நினைப்பதைவிடக் கஷ்டம். 1990இல் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை ஒருவர் மேஜையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் 3தான் கண்டுபிடிக்கப்பட்டது. தட்டுகிறவர் மனதில் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்கிறவருக்கு வெறும் தட்டுச் சத்தம். வகுப்பில் நாம் "இதுல என்ன கஷ்டம், ஈஸிதானே" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது. அந்த வார்த்தையை மட்டுமாவது விட்டுவிடுங்கள். ஈஸி என்று சொல்லிவிட்ட பிறகு எந்தப் பிள்ளை "எனக்குப் புரியலை" என்று கை தூக்கும்?

ஜப்பானில் ஆசிரியர்கள் கூடிப் பாடம் தயாரிக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது, பாட ஆய்வு என்று சொல்லலாம். சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் அதை நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் பாடக்குறிப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்குப் பக்கத்திலேயே, பிள்ளைகளிடமிருந்து எதிர்பார்க்கும் பதில்களை எழுதுவார்கள், தவறான பதில்களையும் சேர்த்து. இந்த இடத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நோட்டில் ஒரு கோடு போட்டு வலது பக்கத்தைக் காலியாக விடுங்கள். ஒவ்வொரு முக்கியமான கேள்விக்கும் நேராக, வரக்கூடிய மூன்று பதில்கள், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் அடுத்து என்ன கேட்பீர்கள். முதலில் ஒன்றுமே தோன்றாது. அப்போது அதே வகுப்பை எடுக்கும் மூத்த ஆசிரியர் ஒருவரிடம் போய், "இந்தப் பாடத்துல பசங்க எங்க குழம்புவாங்க?" என்று மட்டும் கேளுங்கள். பழைய விடைத்தாள் கட்டு கிடைத்தால் இன்னும் நல்லது, தவறான விடைகளை மட்டும் படியுங்கள்.

நுண்நிலைக் கற்பித்தல் என்று பயிற்சிக் காலத்தில் ஒன்று உண்டு. 1960களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு சில நிமிஷங்கள் மட்டும் நடத்தி, குறை நிறை கேட்டு, மறுபடியும் நடத்துவது. அருமையான முறை. ஆனால் சக மாணவர்களே பிள்ளைகளாக உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் அதில் பயிற்சி எங்கே இருக்கிறது? உங்கள் நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஒருவர் 52 − 27க்கு 35 என்று சொல்ல வேண்டும், ஒருவர் பாதி சரியான பதில் சொல்ல வேண்டும், ஒருவர் வாயே திறக்கக் கூடாது, ஒருவர் கேள்வியை முடிக்கும் முன் பதிலைக் கத்த வேண்டும். அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். உண்மையான வகுப்பில் இதெல்லாம் முதல் ஐந்து நிமிஷத்திலேயே நடக்கும்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் பழக்கத்தால் வருவதுதான். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் ஏராளமான வகுப்பு ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பவர்கள் குறைந்தார்கள், பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்பதும் கூடியது. மூன்று வினாடி என்றால் சின்ன விஷயமாகத் தெரியும். வகுப்பு முன்னால் நின்று மௌனமாக இருந்து பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்றாவது பழகுங்கள். முதலில் கேள்வி, அப்புறம் இடைவெளி, அதற்கப்புறம்தான் பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற எல்லோரும் நிம்மதியாக யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். வகுப்பு முழுக்க ஒரே குரலில் "புரிஞ்சுது" என்று வரும், அந்தச் சத்தத்தில் புரியாத பிள்ளைகளின் குரலும் சேர்ந்துதான் இருக்கும். எல்லோரிடமும் சிலேட்டோ பழைய தாளோ இருந்தால் விடையை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பார்வையில் வகுப்பு முழுவதையும் படித்துவிடலாம்.

வகுப்புக் கட்டுப்பாடு பற்றித்தான் புதியவர்களுக்கு அதிகப் பயம், அது எனக்குப் புரிகிறது. பின்பெஞ்சில் ஒருவன் பேசினால் என்ன செய்வது, எதிர்த்துப் பேசினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் வகுப்புகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல பதில். குறும்பு நடந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில் நல்ல ஆசிரியர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு முன்னால் நடப்பதில்தான் வித்தியாசம். வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று இவருக்குத் தெரியும் என்ற எண்ணத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்துகிறார்கள், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இழுவை இல்லாமல் மாற்றுகிறார்கள், ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கவனிக்கிறார்கள். ஆக நீங்கள் தயார் செய்ய வேண்டியது தண்டனைப் பட்டியலை இல்லை, இடைவெளிகளை. தாள் கொடுக்கும்போது, குழுவாக உட்காரும்போது, நோட்டை வாங்கும்போது, இந்த இடங்களில்தான் சத்தம் தொடங்கும்.

உதாரணமாக, தாளைக் கொடுத்துவிட்டு விளக்காதீர்கள், விளக்கிவிட்டுக் கொடுங்கள். கையில் தாள் வந்த பிறகு உங்கள் பேச்சு யார் காதிலும் விழாது. "நோட்டை எடுங்க, தேதி போடுங்க, போன வாரம் செஞ்ச கணக்குக்குக் கீழ கோடு போடுங்க, புத்தகத்துல அந்தப் பக்கத்தைத் திறங்க, மூணாவது கணக்கை மட்டும் போடுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னால், "டீச்சர், எந்தப் பக்கம்?" என்று பத்துக் குரல் வரும், நமக்குக் கோபம் வரும். அவர்கள் கவனிக்கவில்லை என்பதால் வரும் கேள்வி இல்லை அது. மனிதர் ஒரே நேரத்தில் நினைவில் நிறுத்தக்கூடியது சுமார் ஏழு துண்டுத் தகவல் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் சொன்னார், 2001இல் நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

பெயர்களை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள், உட்காரும் வரிசையை வரைந்து வைத்துக்கொண்டு. "ஏய், நீலப் பேனா" என்று கூப்பிடுவதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் உள்ள தூரம் பெரியது. குரலையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டைப் பிரச்சினை ஆசிரியர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, கத்துவதால் வகுப்பு அமைதியாவதும் இல்லை. நின்ற இடத்திலிருந்து கத்துவதைவிட நடந்து பக்கத்தில் போய் நிற்பது பலன் தரும்.

இன்னொன்று, ஆசிரியர் அறையில் முதல் நாளே யாராவது வந்து "அந்த செக்ஷனா? ஒண்ணும் தேறாது" என்று சொல்வார்கள். பட்டியலோடு சொல்வார்கள், யார் படிப்பான், யார் படிக்க மாட்டான் என்று. தயவுசெய்து அதைக் காதில் வாங்காதீர்கள். யாரை மக்கு என்று நினைக்கிறோமோ அவர்களிடம் கேள்வி கேட்டுவிட்டு நாம் குறைவாகக் காத்திருக்கிறோம் என்பதையும் ரோவின் ஆய்வு காட்டியது. மெதுவாக யோசிக்கிறவருக்கு அதிக நேரம் வேண்டும், நாம் கொடுப்பதோ குறைவு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் தனியாகப் பாடம் தயாரிக்கச் சொல்வதை இன்னும் பல இடங்களில் கேட்கிறேன். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹரால்ட் பாஷ்லரும் மற்றவர்களும் 2008இல் ஆய்வுகளை அலசிப் பார்த்து எழுதிவிட்டார்கள். அந்த நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.

அதை எதற்குச் செலவழிக்கலாம் என்றால், பழையதைத் திரும்பக் கேட்பதற்கு. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் 2006இல் செய்த சோதனை இது: ஒரு பத்தியை இரண்டாம் முறை படித்தவர்களையும், படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு பீரியடின் தொடக்கத்திலும் மூன்று கேள்வி போதும், ஒன்று நேற்றையது, ஒன்று போன வாரத்தையது, ஒன்று போன மாதத்தையது. மதிப்பெண் வேண்டாம், நோட்டைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

மதிப்பெண் என்றதும் நோட்டுத் திருத்துவது ஞாபகம் வருகிறது. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை, எண்ணைப் பார்த்ததும் எழுத்தை யாரும் படிப்பதில்லை. எல்லா நோட்டிலும் எல்லா நாளும் நீளமாக எழுத முடியாது, அது எனக்கும் தெரியும். ஒரு வாரத்தில் ஒரு வேலைக்காவது எண் போடாமல், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். "நன்று" என்று எழுதுவதைவிட "பத்துகளின் இடத்தை மறுபடி பார், எத்தனை பத்து மிச்சம்?" என்று எழுதுவது பயன்படும்.

முதல் வருஷம் களைப்பாக இருக்கும். இரவெல்லாம் உட்கார்ந்து ஸ்லைடு தயாரிப்பவர்களைப் பார்க்கிறேன், படம் நகரும், எழுத்து பறந்து வரும். அதில் பாதி நேரத்தைத் தூங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஒரு பிள்ளை சொல்லும் விசித்திரமான பதிலைப் பொறுமையாகக் கேட்க முடிவதற்கு, ஸ்லைடைவிட அந்தத் தூக்கம்தான் உதவும்.

கடைசியாக ஒரு வேலை, இதை நாளைக்கே ஆரம்பிக்கலாம். பீரியட் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எல்லோருக்கும் ஒரு துண்டுத் தாள் கொடுத்து ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதி வாங்குங்கள், எப்படிச் செய்தார்கள் என்பதையும் சேர்த்து. மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள். சரியாகப் புரிந்தவர்கள் ஒரு பக்கம், பாதி வழி வந்தவர்கள் ஒரு பக்கம், வேறு எங்கேயோ போனவர்கள் ஒரு பக்கம். மதிப்பெண் போட வேண்டாம், திருத்தவும் வேண்டாம். மூன்றாவது குவியலை மட்டும் இரண்டு முறை படித்து, அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தவறைக் கண்டுபிடித்து, யார் எழுதியது என்று சொல்லாமல் அடுத்த நாள் பலகையில் முதல் வேலையாக அதை எழுதி, "இப்படிச் செஞ்சவங்க என்ன யோசிச்சிருப்பாங்க?" என்று வகுப்பைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்களைப் பாடக்குறிப்பின் வலது பக்கத்தில் எழுதிவையுங்கள், அடுத்த வருஷம் அதே பாடம் எடுக்கும்போது அந்தப் பக்கம் காலியாக இருக்காது.